பத்தில் வைத்தாலும் ஐந்து

"குடை! ஐயோ, குடை!"

கடைக்குள் காலை வைத்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை அதுதான். 'வாங்க' இல்லை, 'என்ன வேணும்' இல்லை... பாய்ந்து வந்த மெக்கானிக், அவள் குடை நுனியின் கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றான். மேசைமேல் திறந்து கிடந்த ஆம்ப்ளிஃபயரில் விழவேண்டிய மழை, அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"தண்ணி பிடிச்சது போதும். கிடார் பாக்கத் தெரியுமா?"

"குடையை வெளிய வைங்க. அப்புறம் எல்லாம் தெரியும்."

கோபமாகத்தான் சொன்னான். கண்கள் மட்டும் சிரித்துவிட்டன. அவள் அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வழக்கமாகக் கிடாரைப் பழுது பார்க்கக் கொண்டுபோவது அண்ணன்தான். இன்று ஆறு மணிக்கு மேடை. வழியில் மழை பிடித்துக்கொண்டதால் கண்ணில் பட்ட முதல் ரிப்பேர் கடையில் நுழைந்திருந்தாள்.

"வால்யூம் குமிழைத் திருப்பினா கரகரங்குது. அதை மட்டும் சரி பண்ணுங்க. சத்தம் கம்மியா இருக்கும், அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அது கிடார் கோளாறு இல்ல, என் கைக் கோளாறு."

"கைக்கு என்ன?"

"பலம் பத்தாது."

நிறைய தடவை சொல்லிப் பழகிய பதில். மூன்று வருடமாக அண்ணன் சொல்வது அது. அவனுடைய குழுவில் அவன் பாட, அவள் ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். மேடையில் அவள் ஆம்ப்பின் அளவை வைப்பதும் அவன்தான். இருப்பதே தெரியாததால் பெயர்கூட 'பூனை' ஆகிவிட்டது. கைப் பலத்துக்காக ரப்பர் பந்தைப் பிசைந்தாள். விரல் நுனி வெடிக்கும்வரை பயிற்சி செய்தாள். ஒன்றும் ஏறவில்லை. இன்றோடு போதும், இனி கிடாரைத் தொடமாட்டேன் என்று நேற்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள்.

"கொஞ்சம் வாசிங்க," என்றான்.

வாசித்தாள். அவன் காதால் கேட்கவில்லை, அவள் விரல்களையே பார்த்தான்.

"இந்தக் கைக்கா பலமில்ல? கம்பி பாவம்ங்க... அழுவுது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவன் கிடாரைக் குப்புறப் போட்டு, பின்மூடியின் திருகுகளைக் கழற்றினான். மூடி வந்தது... அவன் கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுக்கு முன்னாடி... யார் பிரிச்சாங்க?"

"மூணு வருஷம் முன்னாடி அண்ணன் சர்வீஸுக்குக் குடுத்தான். ஏன்?"

அவன் கிடாரை அவள் பக்கம் திருப்பினான். குமிழுக்குப் போகும் கம்பியின் நடுவில், பச்சை உறைக்குள், அரிசி அளவில் ஏதோ ஒன்று.

"ரெசிஸ்டர். சத்தத்தை அடக்கற மின்தடை. இது இருக்கறவரைக்கும் நீங்க பத்துல வெச்சாலும் அஞ்சுதான் கேக்கும். உங்க கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மழைச் சத்தம் எங்கோ போய்விட்டது. அந்தப் பச்சைத் துணுக்கையே பார்த்தாள். இவ்வளவு சிறியதா... மூன்று வருடமாகத் தன்னை அழவைத்தது இவ்வளவுதானா?

"யாரு இப்படிச் செஞ்சது?"

"நான்."

அவள் நிமிர்ந்தாள்.

"பச்சை உறை நான் மட்டும்தான் போடுவேன். வீட்ல ஒரு பையன் கத்துக்கறான், அக்கம்பக்கம் சண்டைக்கு வருது, சத்தம் ஏறவே கூடாதுன்னார் இதைக் கொண்டுவந்தவர். நம்பிட்டேன். இப்ப சொல்லாம வெட்டிப் போட்டிருக்கலாம்... மனசு வரல."

அண்ணனைப் போனில் அழைத்தாள்.

"ஏய் பூனை, எங்கடி இருக்க? நேரமாச்சு!"

"அண்ணா... என் கிடார்ல ரெசிஸ்டர் வெக்கச் சொன்னியா?"

மறுமுனையில் அவள் இதுவரை கேட்டறியாத சின்னக் குரல்: "நீ வாசிச்சா யாரும் என் பாட்டைக் கேக்கலடி..."

பொய் என்று சொல்வான் என நினைத்திருந்தாள். சொல்லியிருக்கலாம்.

போனை வைத்துவிட்டுக் கிடாரை இழுத்துக்கொண்டாள். "உங்க கை இனிமே இதுல படவேண்டாம்."

"சரி. உங்க கை படட்டும்." ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னின் கைப்பிடியை அவள் பக்கம் நீட்டினான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். முறைத்தாள்... ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஈயம் இளகட்டும். இப்ப இழுங்க... ஊதாதீங்க!"

"ஊதல. மூச்சு விடறேன்!"

ரெசிஸ்டர் கழன்று மேசையில் விழுந்தது. கரகரத்த பழைய குமிழ் போய்ப் புதியது ஏறியது. அதன் இணைப்புக் காலில் ஒரு சின்னக் கெப்பாசிட்டரையும் வைக்கச் சொன்னான்.

"இது எதுக்கு? இன்னொரு பூட்டா?"

"இல்லைங்க. சாதாரணமா குமிழைக் குறைச்சா ஓசை மழுங்கிடும். இது இருந்தா குறைச்சாலும் தெளிவா கேக்கும். குறைக்கறதும் ஏத்தறதும் இனிமே உங்க இஷ்டம்."

ஓரத்திலிருந்த ஆம்ப்பில் இணைத்து, குமிழைப் பத்தில் வைத்து, எப்போதும்போல ஓங்கி மீட்டினாள்.

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. திருகு டப்பா கீழே உருண்டது. எதிர்க்கடையிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் பயந்துபோய்க் கம்பிகளைப் பொத்திக்கொண்டாள். இதுவா... இதுவா நான்? கேட்காத கிடாரைக் கேட்கவைக்கப் போராடிய கை, இப்போது ஏழுக்கு மேல் வைக்கவே முடியாத அளவுக்கு வலுத்துப் போயிருந்தது. கண்ணீர் தானாக வழிந்தது.

அவன் ஒரு காகிதத் துண்டை மேசைமேல் நகர்த்தினான். அவளைத் தொடவில்லை.

"மேடைக்குப் போவீங்களா?"

"போவேன். என் ஆம்ப்பை இன்னைக்கு யாரும் தொடமாட்டாங்க."

வாசல்வரை வந்தான். "ஒண்ணு சொல்லணும்... முகம்கூடத் தெரியாத ஒருத்தரோட சத்தத்தைப் பாதியாக்கிட்டேன். இப்ப முழுசாக் கேட்டதுலேருந்து, வேற எதுவும் காதுல விழமாட்டேங்குது. கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. தினமும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் சொன்னதைவிட இது அதிகமாக உலுக்கியது. இவன்மேல் எரிச்சல்தானே வரவேண்டும்? நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

"எனக்கு இன்னும் கோவம் போகல."

"போகவேண்டாம். நான் காத்திருக்கேன்."

தெருவில் இறங்கி நாலடி நடந்தாள். நின்றாள். திரும்பினாள்.

"ஆறு மணிக்கு டவுன் ஹால்ல முன்வரிசையில இருக்கணும்! கோவம் போகாது, ஆனா உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.