மடங்கிக் கிடந்த கத்தி

காலை மணி 7.10.

பேருந்து இருக்கை தைக்கும் பட்டறையைத் திறந்து விளக்கைப் போட்ட முதலாளி, தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு லாரி ஏற வேண்டிய நாற்பது இருக்கைகளில் ஒன்பது குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. முதல் இருக்கைக்கு அடியில் ஒரு மடக்குக் கத்தி, சமர்த்தாக மடங்கிக் கிடந்தது. பிடியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு.

அது துணி வெட்டும் நன்றிக்காரருடைய கத்தி. பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெயரை வைத்ததும் பட்டறைதான். தண்ணீர் கொடுத்தால் நன்றி, வழிவிட்டால் நன்றி. காலை மிதித்தவனிடமே "பரவாயில்லைங்க, ரொம்ப நன்றி" என்று சொல்கிற ஆள். முந்தின நாள் மதியம் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமையிலேருந்து நீதான் மேஸ்திரி" என்றபோது, நன்றி சொல்லிச் சொல்லி முதலாளியையே அறையைவிட்டு ஓடவைத்தார்.

அந்த முதலாளிதான் இப்போது, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் குமுறினார். "வளர்த்த கடா மார்புல பாய்ஞ்சிடுச்சு மேடம்! பெண்டாட்டிக்குப் பிரசவ நாள் நெருங்குது, வீட்டுல தனியா இருக்கா, லீவு வேணும்னான். லாரி போகட்டும், அப்புறம் பாக்கலாம்னு கத்தினேன். அந்தக் கோவம்தான்."

மணி 8.05. இன்ஸ்பெக்டர் அம்மா நாற்காலியைக்கூடத் தொடவில்லை. பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெட்டு மேஜையில் ஆழமாகப் பிளந்த ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. தையல் மிஷின்களுக்கு அடியில் விரித்த காகிதம். கோடியில் இரும்புச் சட்டம் மாட்டும் ஃபிட்டரின் மேடை; அதில் தின்னர் டப்பா, எண்ணெய்க் குப்பி, ஒழுங்காக அடுக்கிய ஸ்பேனர்கள். கத்திப் பிடியில் கைரேகை கிடைக்கவில்லை. துடைத்திருந்தார்கள்.

நேற்று மாலை கடைசியாக உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர்: நன்றிக்காரர், தையல் அக்கா, ஃபிட்டர். அதற்குப் பிறகு முதலாளி பூட்டிய பூட்டு பூட்டியபடியே இருந்தது.

"கத்தி உங்களோடதா?"

"என்னோடதுதான் மேடம்." என்றார் நன்றிக்காரர். வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள். அவளுக்கு வலி எடுக்கும்போது தான் லாக்கப்பில் இருந்தால்?

"நேத்து எங்க வெச்சீங்க?"

"வெட்டு மேஜையில. ஸ்பாஞ்சுல செருகி வெச்சேன்."

"கட்டை விரல்ல என்ன கட்டு?"

"அந்தக் கத்திதான் மேடம் வெட்டுச்சு."

"பாத்தீங்களா, வாயாலேயே சொல்றான்!" என்றார் முதலாளி.

இன்ஸ்பெக்டர் கத்தியை விரித்தார். அலகை அசையாமல் நிறுத்தும் பூட்டு 'டக்'கென்று விழுந்தது. "இதை மடிச்சுக் காட்டுங்க."

நன்றிக்காரர் கத்தியை வாங்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்து, இரண்டு கட்டை விரல்களாலும் பூட்டை அமுக்கினார். அது வெண்ணெயாக இறங்கியது. அலகு சட்டென்று தொங்கியதில் பதறிப் போய்க் கத்தியைக் கீழே போட்டார்.

"ஐயோ, இது மடங்குதே!"

"ஏன், மடங்காதா?"

"ஒன்பது நாளா மடங்கல மேடம். பூட்டுக்குள்ள பசை இறங்கி இறுகிப் போச்சு. அமுக்கினப்ப வழுக்கித்தான் விரல் போச்சு. எல்லார்கிட்டயும் கெஞ்சினேன், யாருக்கும் நேரமில்ல."

"நீயே சரிபண்ணிட்டு இப்ப நாடகம் ஆடுறியா?" என்றார் ஃபிட்டர்.

இன்ஸ்பெக்டர் கத்தியைக் கையில் எடுத்தார். வெள்ளைக் காகிதத்தின் முனையை மடித்துப் பூட்டின் இடுக்கில் விட்டு எடுத்தார். பழுப்பாக வந்தது. பிறகு முதல் இருக்கைக்கு அருகே குனிந்தார். கிழிசல் தொடங்கும் இடத்தில் விரல்நக அளவுக்கு அதே பழுப்புக் கறை. மற்ற எட்டில் இல்லை.

"அக்கா, இது என்ன?"

தையல் அக்கா முகர்ந்து பார்த்தார். "எண்ணெய். ஆனா என் மிஷின் எண்ணெய் இல்ல, அது தண்ணி மாதிரி இருக்கும். துணியில எண்ணெய் பட்டா ஆயுசுக்கும் போகாது மேடம். கத்திரியோ கத்தியோ, இறுகினா பென்சில் கரியைச் சுரண்டித்தான் போடுவோம். இவர் எண்ணெய் விட்டிருந்தா நானே கையை உடைச்சிருப்பேன்."

மணி 9.20. எல்லோரையும் நிற்கவைத்தார் இன்ஸ்பெக்டர்.

"கிழிச்சதை மட்டும் எல்லாரும் பாத்தீங்க. கத்தி மடங்கியிருந்ததை யாரும் பாக்கல. மேஜையிலேருந்து, அக்காவுக்கு முதுகுப் பக்கம் இருக்குற இந்த மூலைக்கு வரணும்னா அக்காவைத் தாண்டித்தான் வரணும். திறந்த கத்தியைப் பாக்கெட்டுல போட முடியாது. அதனால முதல்ல பூட்டை இளக்கியாகணும். தின்னர் விட்டுப் பசையைக் கரைச்சு, எண்ணெய் போட்டிருக்காங்க. துணி வேலைக்காரங்க கத்திக்கு எண்ணெய் விட மாட்டாங்க. இரும்பு வேலைக்காரர் கைக்கு எது இறுகினாலும் எண்ணெய்தான் மருந்து." ஃபிட்டர் பக்கம் திரும்பினார். "இருபது வருஷ சர்வீஸ்னு முதலாளி சொன்னார். மேஸ்திரி வேலை உங்களுக்குத்தான்னு நினைச்சிருந்தீங்க."

ஃபிட்டர் தன் மேடையைக் காட்டினார். "குப்பி மேடைமேலதான் இருக்கு. யார் வேணா எடுத்திருக்கலாம். இவனே எடுத்திருக்கலாம்."

 அந்த வாதத்தை உடைக்க இன்ஸ்பெக்டரிடம் சாட்சி இல்லை.

நன்றிக்காரர் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த கத்தியைக் குனிந்து பார்த்தார். பிறகு ஃபிட்டரைப் பார்த்தார்.

"அண்ணே, கிழிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா இவ்வளவு பதமா ஒரு பூட்டை எடுக்க உங்களைத் தவிர இங்க யாருக்கும் கை கிடையாது. கீறல்கூட இல்ல. ஒன்பது நாள் நான் பட்ட பாடு... ரொம்ப நன்றிண்ணே."

அதில் குத்தல் இல்லை. குத்திப் பேச அவருக்குத் தெரியாது என்பது ஃபிட்டருக்கும் தெரியும்.

ஃபிட்டர் அந்த விரலில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அப்புறம் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எண்ணெய் கொஞ்சம் அதிகமாப் போச்சுடா. நல்லாத் துடைச்சிட்டு வேலையில எடு. துணி வீணாயிடும்."

மணி 10.00. முப்பத்தொரு இருக்கைகளோடு லாரி கிளம்பியது. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே, "லீவு எடுத்துக்கோப்பா, எத்தனை நாள் வேணும்னாலும்" என்றார். நன்றிக்காரர் முதலாளிக்கு நன்றி சொன்னார், தையல் அக்காவுக்கு இரண்டு தடவை சொன்னார், ஃபிட்டரை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்து பிடித்த கான்ஸ்டபிளுக்கும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அம்மா எதிரே வந்ததும் கையைக் கூப்பினார். வாய் திறந்தது, ஆனால் வார்த்தை வரவில்லை. கண்தான் நிறைந்து வழிந்தது.

"சரி, சொல்லிட்டீங்க," என்றார் அவர். "ஓடுங்க, வீட்டுல தனியா இருக்காங்க இல்ல."