ஓசை அறுபடும் இடம்

மூடிக் கிடந்த இறைச்சிக்கூடத்தை அவர்கள் ஒரு பகலுக்கு வாடகைக்கு எடுத்தது அதன் குளிர் அறைக்காகத்தான். நாலு பக்கமும் தகரம் அடித்த அறை. கூரையிலிருந்து கொக்கிகள் தொங்கின. உள்ளே பேசினால், குரல் சற்றுத் தடித்துத் திரும்பி வந்தது. கோடரிச் சண்டை வீடியோ விளையாட்டுக்குச் சத்தம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார் ஒலிப்பதிவாளர். அந்த விளையாட்டின் புரோகிராமர், அவர் மனைவியின் தம்பி.

“ரத்த வாடை இன்னும் போகல மாமா,” என்று மூக்கைப் பொத்தினான் அவன்.

“வாடைக்கு ஃபைல் கிடையாது. நீ மைக்கைப் பிடி மாப்ளே.”

சதை வெட்டுப்படும் சத்தத்துக்காக முட்டைக்கோஸ்களைக் கோடரியால் பிளந்து பதிவு செய்தார்கள். பிறகு கதவைச் சாத்தி, அறையின் வெறும் முனகலைத் தனியாக எடுத்தார்கள். சண்டையின் பின்னணியில் ஓயாமல் சுழல வேண்டியது அது.

மச்சான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். “வெட்டுற சத்தமெல்லாம் சுருக்காம வேவ் ஃபைலாவே இருக்கட்டும். சின்ன ஃபைல், பட்டனைத் தொட்டதும் கேக்கும். பின்னணி நீளம், அதையும் சுருக்காம வச்சா கேம் திணறிடும். எம்பி3 ஆக்கிடவா?”

“வேணாம்டா. முடிஞ்சு மறுபடி தொடங்குற இடத்துல துளி மௌனம் விழும். ஓஜிஜி ஃபைலா சுருக்குனா ஒட்டுனதே தெரியாது.”

“ரெண்டையும் போட்டுப் பாத்துடுவோம்.”

எம்பி3-ஐ முதலில் ஓடவிட்டான். ஸ்பீக்கரில் முனகல் எழுந்தது. முடிந்தது. இமைப்பொழுது மௌனம்.

அந்த மௌனத்தில், சதக்.

“முட்டைக்கோஸ் சத்தம் கலந்துடுச்சா?” என்று அவர் திரும்பினார்.

மச்சான் தன் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சதை பிளந்து, உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. ரத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கோடரி சுவரோரம் சாத்தியபடியே இருந்தது.

முனகல் மீண்டும் ஓடி, அறுந்தது.

சதக்.

இரண்டு விரல்கள் கீபோர்டின்மேல் விழுந்தன.

அவன் அலறினான். அவர் பாய்ந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். அறையே அடங்கிப்போனது.

சதக். சதக். சதக்.

தோள். தொடை. காது.

“சத்தம் நின்னாத்தான் வெட்டுது மாமா... ஓட விடுங்க!”

ரத்தத்தில் வழுக்கிய விரல்களால் ஒயரைச் செருகி, ஓஜிஜி ஃபைலை அழுத்தினார். முனகல் ஓடியது. முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொண்டு கடந்துபோயின. எதுவும் விழவில்லை. அந்த ஃபைலைப் போனில் ஏற்றி, அது ஓடிக்கொண்டிருக்கவே அவனைத் தூக்கி வந்து காரில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதும் போனை அவர் கீழே வைக்கவில்லை. வார்டுக்கு ஓடிவந்த மனைவி அதைப் பிடுங்கினாள். “என் தம்பி உயிருக்குப் போராடுறான், உங்களுக்கு வேலையா முக்கியம்?”

போனை அணைத்துவிட்டாள்.

அவர் மச்சான்மேல் குப்புற விழுந்து அவனை மறைத்துக்கொண்டார். முதுகு கூசியது. பல்லைக் கடித்துக் காத்திருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

“எந்திரிங்க... ஒண்ணுமில்லைங்க,” என்று அவள் அழுதபடியே அவர் தலையைத் தடவினாள். அவருக்கும் அழுகை வந்தது. தலைமாட்டில் இருந்த இதயத்துடிப்புக் கருவி மட்டும் பீப்... பீப்... என்றது.

எழுந்தபோதுதான் பார்த்தார். கட்டிலின் இரும்புச் சட்டத்தில், கால்மாட்டில், ஒரு புதிய வெட்டு. ஒரு பீப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, இன்னொன்று விழுந்தது. மச்சானை நோக்கி ஒரு சாண் நெருங்கி.

மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மச்சானின் துடிப்பு நிதானப்பட்டது. பீப்புகளுக்கு இடையிலான மௌனம் நீண்டுகொண்டே போயிற்று.