வியர்க்கும் சுவர்

நிஷாலினி வெள்ளிக்கிழமையே வகுப்பில் வாயை விட்டுவிட்டாள்.

“யசோதினி அக்கா எங்க தோட்டத்துக்கு வந்திருக்காங்க! புள்ளக்காம்பரா செவத்துல படம் போடுறாங்க. திங்கக்கெழம எல்லாரும் வந்து பாருங்க!”

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. யசோதினி அக்காவும் சின்ன வயதில் அங்கே வளர்ந்தவர்தான். இப்போது பெரிய ஓவியர். அவருடைய படங்கள் கொழும்பிலும் சென்னையிலும் அதைவிடத் தூரமான ஊர்களிலும் கண்காட்சிகளில் தொங்குகின்றன.

அவர் படங்களில் மலை இருக்காது. பூ இருக்காது. முகமும் இருக்காது. கோடு, கோணம், நிறம். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நிஷாலினியோடு பக்கத்து வீட்டு றுஷாந்தனும் பார்க்க வந்தான்.

“முக்கோணம்தானே? என் கணக்குக் கொப்பியிலயும் நெறைய இருக்கு” என்றான்.

“உன் முக்கோணத்தப் பாத்து டீச்சர் முட்டைனு நெனச்சாங்களே, அதுவா?” என்றாள் நிஷாலினி.

யசோதினி அக்கா சிரித்தார். “ஏன் அக்கா பூவே வரையிறதில்ல?” என்று றுஷாந்தன் கேட்டான்.

“பூவ வரைஞ்சா எல்லாரும் பூவத்தான் பாப்பாங்க. எனக்கு நெறத்தப் பாக்கணும்.”

அவர் வேலை செய்யும் விதம் நிஷாலினிக்கு மிகவும் பிடித்தது. முதலில் சின்னச் சின்னக் காகிதங்களில் நிறம் பூசி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்ப்பார். ஒரே சிவப்புதான். பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் கொதிக்கும். பழுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அடங்கிவிடும்.

அடுத்து, பிள்ளைக்காம்பராவின் வெளிச்சுவரில் நூலை இழுத்துப் பிடித்துக் கோடு போடுவார். கோட்டின் ஓரமாகக் காகித டேப் ஒட்டுவார். உடனே புது நிறத்தைப் பூச மாட்டார். டேப்பின் ஓரத்தில் சுவரின் பழைய நிறத்தையே ஒருமுறை தடவுவார்.

ஏன் தெரியுமா? டேப்புக்கு அடியில் எங்காவது நூலளவு சந்து இருக்கும். பழைய நிறம் அதற்குள் புகுந்து அடைத்துவிடும். பழைய நிறத்தின் மேல் பழைய நிறம் கசிந்தால் யார் கண்ணுக்கும் தெரியாதே! அதன் பிறகு புது நிறம். அது காய்ந்து இறுகுவதற்குள் டேப்பை மெதுவாக உரிப்பார். ஓரம் சவர அலகால் வெட்டியதுபோல நிற்கும்.

சுவரின் இடது பக்கத்தில் எல்லாம் அப்படித்தான் நின்றது. வலது பக்கத்தில்தான் வம்பு.

அங்கே ஒரு பெரிய மஞ்சள் பட்டை சரிவாக ஏற வேண்டும். பகலில் அப்புத்தளைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. யசோதினி அக்கா டேப்பை ஒட்டினார். அது தானாகவே கழன்று தொங்கியது. துணியால் சுவரைத் துடைத்து மறுபடி ஒட்டினார், பூசினார், உரித்தார். மஞ்சள் ஓரமெல்லாம் கசிந்து, ரம்பப் பல் மாதிரி இருந்தது.

“செவரு வேர்க்குது” என்றார் அவர். குரலில் சிரிப்பே இல்லை. “நாளைக்கு ரயிலுக்குப் போயாகணும். இப்படிக் கோணலா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது. சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா, மொத்தத்தையும் வெள்ள அடிச்சிட்டுப் போயிடுறேன்.”

“திங்கக்கெழம எல்லாரும் வந்து வெள்ளச் செவத்தப் பாக்கட்டும்” என்றான் றுஷாந்தன்.

நிஷாலினிக்கு அழுகை முட்டியது. கன்னத்தைச் சுவரில் சாய்த்தாள். சில்லென்று நனைந்தது. அப்படியே உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டு இடது பக்கம் நடந்தாள். ஈரம், ஈரம், ஈரம். திடீரென்று ஈரம் இல்லை! சுவர் இளஞ்சூடாக இருந்தது.

இங்கே மட்டும் ஏன்?

உள்ளே ஓடிப் பார்த்தாள். சூடான இடத்துக்கு நேர் பின்னால்தான் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சும் அடுப்பு இருந்தது.

குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த இடம் கிடைத்தால் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். சூடான தேநீர் டம்ளரின் வெளிப்பக்கம் அப்படி வியர்க்காது. சுவரும் அப்படித்தான்.

குழந்தைகளை அம்மாக்கள் அப்போதே கூட்டிப் போயிருந்தார்கள். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் செபஸ்தியம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“பெரியம்மா, அடுப்புத் தணல இரும்புச் சட்டியில அள்ளி அந்தப் பக்கத்துச் செவத்தோரமா வைக்கிறீங்களா?”

“எதுக்குடி?”

“செவத்துக்குக் குளிருது.”

“அடியாத்தி! கம்பளியும் போத்திவிடவா?” என்றார் செபஸ்தியம்மா. ஆனாலும் எழுந்தார். “நீ சட்டியத் தொடாத. நான் தூக்குறேன். ஜன்னலயெல்லாம் தொற, பொக போகட்டும்.”

அது ஒற்றைச் செங்கல் வைத்த மெல்லிய சுவர். கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் காயத் தொடங்கியது. யசோதினி அக்கா கையை வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. கசிந்திருந்த மஞ்சளைச் சுவரின் பழைய நிறத்தால் மூடி, அது காய்ந்ததும் டேப்பை எடுத்தார்.

டேப் பிடித்துக்கொண்டது!

அவர் பட்டையின் ஒரு பகுதியை முடித்ததும், நிஷாலினி வெளியிலிருந்து சுவரைத் தட்டினாள். டொக், டொக். உள்ளே செபஸ்தியம்மா சட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார். சுவர் காய்ந்தது. தூரிகை நகர்ந்தது. மறுபடி டொக், டொக்.

“தட்டிக்கிட்டே இரு! எனக்கு வேற வேலையே இல்ல பாரு!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

கடைசிப் பகுதியும் முடிந்தது. யசோதினி அக்கா டேப்பின் நுனியைக் கிளப்பி நிஷாலினியிடம் கொடுத்தார். “சாய்வா, மெதுவா இழு.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு பல்கூட இல்லை. கோடு நேராக மேலே ஏறிப் போனது.

“எனக்கும் ஒண்ணு குடுங்கக்கா!” என்று றுஷாந்தன் குதித்தான்.

செபஸ்தியம்மா கரிக் கையோடு வெளியே வந்தார். “அப்படி என்னத்ததான் போட்டீங்க, பாப்போம்” என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து, தேயிலைச் செடி முதுகில் இடிக்கும் வரை போனார்.

“அந்த மஞ்சப் பட்ட வெளிய நீட்டிக்கிட்டு நிக்குதே!”

கிட்டே வந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். சுவர் தட்டையாகத்தான் இருந்தது. மறுபடி பின்னால் போனார். பட்டை மறுபடி வெளியே வந்து நின்றது.

பொழுது சாயும் வரை அவர் முன்னாலும் பின்னாலும் நடந்துகொண்டே இருந்தார்.