பூவாடைக்கு வைத்த சுடிதார்

உத்திரமேரூர் ஏரிக்கரையோரம் இருந்த அந்தப் பழைய கல்யாண மண்டபத்தின் முன்னால் ஷேர் ஆட்டோ நின்றபோது, பட்டப்பகலிலேயே வானம் கருத்துக் கிடந்தது. ஜெயப்பிரியா இறங்கி, போட்டிருந்த நீலச் சுடிதாரின் சுருக்கங்களை நீவிவிட்டாள்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் அந்த மண்டபத்தில்தான் கம்பெனி வேலைக்கு ஆள் எடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா தமிழ்ச்செல்வியும் இங்கேதான் இன்டர்வியூவுக்கு வந்தாள். வீடு திரும்பவில்லை. மறுநாள் ஏரி மதகருகே பிணமாக மிதந்தாள். மழையில் கால் வழுக்கியிருக்கும் என்று ஊர் பேசி முடித்துக்கொண்டது.

இந்த வேலை ஜெயப்பிரியாவுக்குக் கட்டாயம் வேண்டும். அம்மா கோவிந்தம்மாளுக்கு முட்டி போய்விட்டது, இனிமேல் குனிந்து நாற்று நட முடியாது. அதனால் தினமும் கண்ணாடி முன்னால் நின்று, எப்படி வணக்கம் சொல்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று பழகியிருந்தாள்.

ஒரே ஒரு தப்பு, இன்று காலையில் நடந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில், கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணைப் பூவாடைக்காரியாகக் கும்பிடுவார்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் ஏரித்தண்ணீரைச் சொம்பில் மொண்டு வந்து அவளை வீட்டுக்கு அழைப்பார்கள். புதுத்துணியும் பூவும் வைத்துப் படைப்பார்கள். காரியம் முடிந்ததும் அந்தத் தண்ணீரை ஏரியிலேயே ஊற்றி அவளை அனுப்பிவிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் அந்தத் துணியை வீட்டுப் பெண் உடுத்தலாம்.

இந்த இன்டர்வியூவுக்காக நேற்று அம்மா தமிழ்ச்செல்விக்குப் பிடித்த நீல நிறத்தில் சுடிதார் வாங்கி வைத்துப் படைத்தாள். இன்று காலை அம்மா முட்டி வலியோடு நூறு நாள் வேலைக்குப் போன பிறகு, ஜெயப்பிரியா எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சுடிதாரில் இஸ்திரிப் பெட்டி ஒட்டிக்கொண்டது. நெஞ்சுக்கு நேராகக் கருகல். வேறு நல்ல துணி கிடையாது. படையலில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

சொம்புத் தண்ணீர் இன்னும் வீட்டில்தான் இருந்தது.

"இன்னாடி ஜெயா, வாயத் தொறந்தா இங்கிலீசு கொட்டிடும்னு மூடிக்கினு கீறியா?" மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த பரிமளா சிரித்தாள். அவளும் வேலைக்கு வந்தவள்தான், கூடப் படித்தவள்.

"சும்மா இருடி. மனப்பாடம் பண்ணதெல்லாம் மறந்துடும்."

"தோ பாரு, ஓரமெல்லாம் ஈரமா கீது. இன்னும் மழையே வர்லயேடி!"

ஜெயப்பிரியா குனிந்து பார்த்தாள். சுடிதார் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாடிய மல்லிகையும் பாசியும் கலந்த ஒரு வாடை.

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மணமகள் அறையில்தான் இன்டர்வியூ. சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி. அதில் எந்தெந்தப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். மேசைக்குப் பின்னால் மேனேஜர் ஏகாம்பரம். பக்கத்தில் அவருக்குக் கார் ஓட்டும் சுகுமார்.

அவள் வணக்கம் சொன்னாள். மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தாள். ஏகாம்பரம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்கிலீசெல்லாம் அப்பறம்மா. மொதல்ல பாக்கறவனுக்குப் புடிக்கணும், அதான் இன்டர்வியூ. நீ கடைசி வரிக்கும் இரு. மழ வர்றாப்ல கீது. நம்ம வண்டியிலயே வூட்டாண்ட வுட்டுடறோம். இன்னா சுகுமாரு?"

சுகுமார் நிமிராமலே தலையாட்டினான்.

கரண்ட் போனது.

வேண்டாம் சார் என்று சொல்லத்தான் ஜெயப்பிரியா வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் இல்லை.

"அன்னிக்கும் இதையேதான சார் சொன்ன?"

"யா... யாரு நீ?" என்றார் ஏகாம்பரம்.

"தமிழ்ச்செல்வி."

தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. ஜெயப்பிரியாவால் நிறுத்த முடியவில்லை.

"ரெண்டு பேரும்தான் என்ன கார்ல ஏத்திக்கினு போனீங்க. கரை மேல கதவத் தொறந்துகினு ஓடனேன். தொரத்திக்கினு வந்தீங்க. தண்ணில வுயுந்து கத்தனேன். லைட்ட அணைச்சிட்டு நின்னு பாத்தீங்களே..."

ஏகாம்பரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயப்பிரியாவும் பார்த்தாள்.

அவள் தலை இறுக்கிப் பின்னியிருந்தது.

கண்ணாடிக்குள் இருந்தவளின் தலை அவிழ்ந்து, முகத்தில் ஈரமாக ஒட்டிக் கிடந்தது.

ஏகாம்பரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். வெளியே கார் கிளம்பும் சத்தம். அதோடு மழையும் பிடித்துக்கொண்டது. சுகுமார் மூலையில் ஒடுங்கி நின்றான். பரிமளா ஓடி வந்து, ஜெயப்பிரியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மழை விடும் வரை இரண்டு பேரும் அந்த அறையை விட்டு நகரவில்லை.

கார் மதகருகே ஏரிக்குள் இறங்கியிருந்தது. ஏகாம்பரத்தைப் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

"அந்தாளு தனியா போவலப்பா," என்றார் கரையில் டீக்கடை வைத்திருக்கும் சின்னராசு. "பக்கத்து சீட்ல நீலச் சுடிதார் போட்டுக்கினு ஒரு பொண்ணு. இவன் கதவத் தொறக்க அடிச்சிக்கிறான். அது சிரிச்சிக்கினு ஒக்காந்துகினு கீது."

காருக்குள் எந்தப் பெண்ணும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டு அம்மா அடித்துக்கொண்டு அழுதாள். "அட பாவி மவளே, அவள அனுப்பறதுக்கு முன்னாடி அவ துணியப் போடலாமாடி!" சுடிதாரைக் கழற்றச் சொல்லி, ஈரத்தோடு சுருட்டிக் கொல்லையில் எறிந்தாள். பிறகு, ஏரியில் ஊற்றிவிட்டு வரலாம் என்று சொம்பை எடுத்தாள்.

சொம்பு காய்ந்து கிடந்தது. கீழே தரையிலும் ஒரு சொட்டு ஈரமில்லை.

"அனுப்பத் தண்ணியே இல்லயேடி..."

அப்போது ஜெயப்பிரியாவின் போன் அடித்தது. எடுத்தாள். சுகுமார்.

"ஜெயப்பிரியா, வேல உனுக்குத்தாம்மா. ஆபீஸ்ல சொல்லி முடிச்சிட்டேன். திங்கக்கெயம வா, நானே கூட்டிக்கினு போறேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "உன் கால்ல வேணா வுயறேன். அந்த நீல டிரெஸ்ஸ மட்டும் போட்டுக்கினு வராத."

"சரி சார். ரெண்டு பேரும் வர்றோம்."

ஜெயப்பிரியா திடுக்கிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

அவள் உதட்டையே அசைக்கவில்லை.

"ஜெயா," அம்மா படையல் வைத்த மூலையைக் காட்டினாள். "நீ தேச்சியாடி?"

பகலில் போன கரண்ட் வீட்டில் இன்னும் வரவில்லை.

கொல்லையில் எறிந்த நீலச் சுடிதார் அங்கே ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஜெயப்பிரியா தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.