மழையில் சருகு பெருக்குகிறவள்

மழை கொட்டும்போது காய்ந்த சருகைப் பெருக்கும் சத்தம் கேட்கக் கூடாது. புலிக் காப்பகத்து விடுதியின் மேலாளர் பண்டு நன்னவரேவுக்கு அவ்வளவாவது தெரியும். ஆடியிலிருந்து நனைந்து, ஊறி, மக்கி, செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் இலைகள் அவை. அவற்றைப் பெருக்கினால் சளப் சளப்பென்று கேட்க வேண்டும். இது சரக், சரக் என்றது. சித்திரை வெயிலில் அப்பளமாய் முறுகிய இலையின் சத்தம். விடுதியின் பின்பக்கம், சமையற்கட்டுக்கு அப்பால், இலுப்பை மரங்கள் நிற்கிற இடத்திலிருந்து வந்தது.

அவன் போனை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"அப்ப வந்து சேர்ற அன்னிக்குச் சாயங்காலம் ஒரு சஃபாரி, மறுநாள் காலையில ஒண்ணு," என்றாள் புனேயிலிருந்து பேசிய கேத்கர் அம்மாள். "என்ன துணி எடுத்துட்டு வரணும்?"

"மண் கலர், இலை கலர் மேடம். சிவப்பு வேணாம். ஜீப்புல விடியக்காலம் பல்லு கிட்டும், ஸ்வெட்டர் கண்டிப்பா. கிளம்பறதுக்கு முன்னாடி டீ, திரும்பி வந்ததும் சூடா அவல் போஹா."

"புலி தெரியுமில்ல?"

"புலி எங்ககிட்ட சம்பளம் வாங்கலையே மேடம். வாங்கினா அதுவும் என்னை மாதிரி வேலை நேரத்துல தூங்கிட்டிருக்கும்."

அவள் சிரித்தாள். இந்த நகைச்சுவைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். வருஷக்கணக்காக அடுத்தவர்கள் புலி பார்க்கத் திட்டம் போட்டுக்கொடுக்கும் பண்டு, தானே ஒரு புலியை முழுசாகப் பார்த்ததில்லை. ஜீப்பில் போன இரண்டு தடவையும் புலி வந்த கணத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் காலண்டரில் இருந்த புலியை வர்ணித்தான்.

"ஒரு நிமிஷம். உங்க பக்கத்துல யாரோ பெருக்கறாங்க பாருங்க. நிறுத்தச் சொல்லுங்க, ஒண்ணும் கேக்கல."

பண்டு பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். பைத்தியம் பிடித்தால் பரவாயில்லை, நாக்பூரில் டாக்டர் இருக்கிறார்.

"நான் அப்புறம் கூப்பிடறேன் மேடம்," என்று வைத்தான்.

விடுதியில் வேறு யாரும் இல்லை. மழைக்காலம் முழுக்கக் காப்பகத்தின் கேட் மூடியிருக்கும். அக்டோபர் ஒன்றாம் தேதிதான் திறப்பு. சமையல்காரன்கூட ஊருக்குப் போயிருந்தான். இப்போது வாசனையும் வந்தது: இலுப்பைப் பூவின் கனத்த, புளித்த தித்திப்பு. சித்திரையில் பூத்து உதிர்ந்து முடிகிற பூ, புரட்டாசியில் எப்படி மணக்கும்?

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பண்டு நாற்காலியோடு துள்ளினான். ஜீப் ஓட்டும் ஷாலிக், சொட்டச் சொட்ட உள்ளே வந்தான்.

"பாவூ, அண்ணே, உங்க சமையக்கட்டுக்குப் பின்னாடி காலடி. புதுசு. அதே பொம்பளைப் புலி. இடது முன்னங்கால்ல ஒரு விரல் கோணல்."

"ஊருக்குச் சொல்லிட்டியா?"

"உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு."

"நல்ல வேளை." வாய் தானாகவே சொன்னது. "ஒண்ணாந்தேதி கேட் திறக்கட்டும்டா. எல்லா ரூமும் புக்காயிருக்கு. ரெண்டு நாள் பொறு."

ஷாலிக் தலையைத் துவட்டுவதை நிறுத்தினான். "போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. ரெண்டு நாள் பொறுன்னு."



போன சித்திரை. இங்கே குடும்பத்துக்கு ஒரு இலுப்பை மரம். ஜனாபாய் மடாவியின் மரம் விடுதி வேலிக்குப் பின்னால் இருந்தது. விடியுமுன் வந்து மரத்தடிச் சருகைப் பெருக்கித் தள்ளிவிட்டு, வெறும் தரையில் உதிர்ந்த பூவைக் குனிந்து குனிந்து பொறுக்குவாள். கூடை நிறைந்ததும் பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேராக இந்த அறைக்கு வந்து பண்டுவிடம் டீ கேட்பாள். "ஏ பண்டு, உன்னைப் பிடிச்சா புலி ஒரு வாரம் வேட்டைக்கே போகாதுடா," என்று அவன் தொப்பையைத் தட்டிவிட்டுப் பல்லில்லாமல் சிரிப்பாள்.

ஊர் ஓரத்தில் புலியைப் பார்த்த ஓட்டுநர் முதலில் கிணற்றடிக்குப் போய்க் கத்திச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் விருந்தினர்களுக்குக் காட்ட வண்டியை நிறுத்துவது. அது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் மீறியவனும் இல்லை. அன்று ஓடையில் படுத்திருந்த புலியைப் பார்த்த ஷாலிக், கிணற்றடிக்கு முன்னால் பண்டுவிடம் வந்துவிட்டான். விடுதி நிரம்பி வழிந்தது. ஊருக்குத் தெரிந்தால் வனத்துறை பாதையை மூடிவிடும். "ரெண்டு நாள் பொறுடா. புலி எங்க போயிடப் போகுது?" என்றான் பண்டு.

அது எங்கேயும் போகவில்லை.

மறுநாள் காலை விருந்தினர்கள் குதித்துக்கொண்டு வந்தார்கள். ஓடையில் தண்ணீர் குடித்த புலியைக் கேமராவில் காட்டினார்கள். அதன் வாயெல்லாம் சிவப்பு. "மான் அடிச்சிருக்கும்," என்று பண்டுவும் சேர்ந்து சிரித்தான். ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். ஊருக்குள்ளிருந்து அழுகை கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஜனாபாய் செத்துக் கிடந்த இடத்தில் கல் நட்டார்கள். அந்த வழியே போகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைக் கிளையை ஒடித்துக் கல்லின்மேல் போடுவது வழக்கம். குவியல் இடுப்புயரம் வந்துவிட்டது. பண்டு மட்டும் சுற்றுப்பாதையில் போகிறான். அவள் மகள் வீட்டுக்குப் பெயர் சொல்லாமல் அரிசி அனுப்புகிறான். கிளை போடக் கை வரவில்லை.

"ஒரு கிளை போட்டிருக்கலாம் பாவூ."

"முட்டி வலிடா. நடக்க முடியல."

"புலி அடிச்சுச் செத்தவ அந்தப் புலியோட தலைமேலயே ஏறி உக்காந்துடுவா. வழி சொல்றதெல்லாம் அவதான்." ஷாலிக் வாசலைப் பார்த்தபடி சொன்னான். "புலிக்கு உங்க ஆபீஸ் தெரியுமா என்ன? அவளுக்குத் தெரியும்."

"போடா, பயமுறுத்தாத. நானே பயந்தாங்கொள்ளி."

ஷாலிக் சிரிக்கவில்லை. "நான் இப்ப கிணத்தடிக்குப் போறேன். இந்தத் தடவை உங்களைக் கேக்கல." மோட்டார் சைக்கிளின் சிவப்பு விளக்கு மழையில் கரைந்தது.

அவன் போனதும் மின்சாரமும் போனது.

பண்டு போனைத் திறந்து அதன் வெளிச்சத்தைப் போட்டான். எழுந்து முன்கதவைப் பூட்டினான், ஜன்னலைச் சாத்தினான், பின்கதவுக்குப் போகும் இருண்ட நடையின் முனைவரை வந்து நின்றுவிட்டான். அதற்கு மேல் கால் போகவில்லை. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஜனாபாய் தள்ளித் தள்ளியே அது உடைந்திருந்தது. அவன் சரிசெய்யவில்லை.

சரக். சரக்.

வேலிக்கு வெளியே இல்லை. உள்ளே. சமையற்கட்டில், சிமெண்டுத் தரையில், சருகே இல்லாத இடத்தில்.

போன் அடித்தது. விரல் பட்டுத் தானே எடுத்துக்கொண்டது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றாள் கேத்கர் அம்மாள். "ரூம் காட்டைப் பாத்த மாதிரி இருக்கணும்."

"மேடம், வராதீங்க." அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "இங்க ஒரு புலி சுத்துது. ஒரு பொம்பளையைக் கொன்னுடுச்சு. தெரிஞ்சும் நான் யாருக்கும் சொல்லல. நான்தான் மேடம். நான்தான் சொல்லல."

"அடடா, நல்லா கதை விடறீங்க! புலிக்காகத்தானே வர்றோம்." சிரித்தாள். பிறகு, "அந்தப் பெருக்கற அம்மா இன்னும் அங்கதானா? யாருக்கோ வழி சொல்லிட்டிருக்கு."

"என்ன... என்ன சொல்லுது?"

"'வா, வா, நேரா வா. இந்தக் கதவுதான்'னு."

போன் கையிலிருந்து விழுந்தது. வெளிச்சம் கூரையைப் பார்த்துக் கிடந்தது.

பச்சைக் கிளை. ஒரே ஒரு கிளை. அறையைத் துழாவினான். மேஜை ஓரத் தொட்டியில் செடி. காட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் செடி வாங்கி வைத்த மேதை அவன்தான். ஒரு கொத்தைப் பிய்த்தான். நடையின் வாசலில், தரையில் வைத்தான். மண்டியிட்டான். முட்டி வலிக்கவில்லை.

"ஜனாபாய். தப்புதான். தப்புதான் ஜனாபாய்."

பெருக்கும் சத்தம் நின்றது.

இலுப்பை வாசனை. அதற்கு அடியில் ஈர ரோமத்தின் நெடி.

வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டான். சூடான மூச்சு நெற்றியில் பட்டது. ஒரு கை, எலும்பும் தோலுமான சின்னக் கை, அவன் தொப்பையை மெல்லத் தட்டியது.

கண்ணைத் திறந்தான்.

பிளாஸ்டிக் இலைமேல் கோணல் விரலோடு ஒரு பாதம். அவன் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் பச்சையாக எரியும் இரண்டு கண்கள். அவற்றுக்கு மேலே, இரண்டு காதுகளுக்கும் நடுவே, குனிந்து அவனைப் பார்த்தபடி இன்னும் இரண்டு.

அவை எரியவில்லை.