தண்ணீர் குடித்துக் களைத்த ஆர்கிட்

ஸ்ரீரங்கராஜன் மாமாவும் மாமியும் இருபது நாள் வெளியூர் கிளம்பினார்கள். டெல்லியில் மகன் வீடு, அங்கிருந்து சிம்லா. மாமாவுக்கு ரயில் டிக்கெட்டைப் பற்றியோ சிம்லா குளிரைப் பற்றியோ கவலை இல்லை. அவருடைய இரண்டு ஆர்கிட் செடிகளைப் பற்றித்தான் கவலை.

ஒன்று வெள்ளை, இன்னொன்று ஊதா. வெள்ளை வருஷா வருஷம் பூக்கும். ஊதா மட்டும் வாங்கி நான்கு வருஷமாகியும் இலையைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. இப்போதுதான், ஊருக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, நீளமாக ஒரு தண்டு விட்டு ஐந்து மொட்டு வைத்திருந்தது.

அவர்கள் இருந்தது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய மூன்று மாடிக் குடியிருப்பில். இரண்டாவது மாடியில் மாமாவுக்கு எதிர்வீடு லிசியின் வீடு. ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு மே மாத விடுமுறையில் இருந்தாள் லிசி.

கிளம்புகிற அன்று காலை மாமா அவளைக் கூப்பிட்டார். பூட்டிய வீட்டுக்குள் செடிக்குக் காற்று கிடைக்காது என்று இரண்டு தொட்டிகளையும் வெளியே, நடைவழி ஜன்னல் திட்டில் வைத்திருந்தார். திங்களும் வியாழனும் தொட்டிக்கு ஒரு தம்ளர் தீர்த்தம் போதும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இந்த பில்டிங்ல ஒன்னைத் தவிர யாரையும் நான் நம்பலே, கொழந்தே. வேற யாருக்கும் தெரிய வேண்டாம். வருத்தப்படுவா.”

லிசிக்குத் தான் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டதுபோல இருந்தது.

அன்று திங்கட்கிழமை. தொட்டிக்கு ஒரு தம்ளர், ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றினாள். வியாழக்கிழமை போனபோது இரண்டு தொட்டிகளும் ஈரமாக இருந்தன. மழையா? திருச்சியில் மே மாதத்தில் மழை பெய்தால் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்திருக்கும். ஏதோ புரியாமல், ஊற்றாமலே திரும்பினாள்.

அடுத்த திங்கள் போனபோது தொட்டிக்கு அடியிலிருந்த தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. வெள்ளையின் அடி இலை மஞ்சளாகிவிட்டது. ஊதாவின் மொட்டு ஒன்று திட்டில் உதிர்ந்து கிடந்தது. குனிந்து மோந்து பார்த்தாள். ஒரு வாரம் தண்ணீர் மாற்றாத பூச்சாடி நாற்றம்.

மறுநாள் ஆறு மணிக்கே எழுந்து, முக்காலியைக் கதவருகே போட்டு ஏறி நின்று, கதவின் சின்னக் கண்ணாடித் துளை வழியாகக் காவல் காத்தாள்.

முதலில் வந்தவர் வாட்ச்மேன் தைரியராஜ். மோட்டார் போட்ட கையோடு வாளியும் மக்குமாக வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு இரண்டு மக் ஊற்றிவிட்டுப் போனார்.

எட்டரை மணிக்கு முதல் மாடி சுபலட்சுமி அக்கா வந்தாள். வங்கிக்குக் கிளம்பிய சேலையோடு, கையில் அரிசி களைந்த தண்ணீர். குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல, குடிச்சிடு கண்ணு, குடிச்சிடு என்று கெஞ்சி ஊற்றினாள்.

பத்து மணிக்கு மூன்றாவது மாடி நஸ்ருல்லா மாமா இறங்கி வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபேன் கடை வைத்திருப்பவர். வெயிலைத் திட்டிக்கொண்டே தன் பெரிய பாட்டிலை இரண்டு தொட்டிகளிலும் கவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போனார்.

லிசி கீழே ஓடி, மாமாவின் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று தைரியராஜிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இந்த பில்டிங்ல என்னைத் தவிர யாரையும் நம்பலன்னு ஐயா சொல்லிட்டுப் போயிருக்கார் பாப்பா. வெயில்ல வாடிடுமேன்னு தினமும் ஊத்துறேன். யார்கிட்டயும் சொல்லிடாத.”

லிசிக்கு வளர்ந்த அங்குலம் அப்படியே இறங்கிவிட்டது. மாடிப்படி ஏறும்போது மாமா மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் தைரியராஜ் அண்ணனின் முகத்தைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. மேலே வந்தால் இன்னொரு மொட்டு உதிர்ந்திருந்தது. கோபம் காத்திருக்கலாம், மொட்டு காத்திருக்காது என்று தோன்றியது.

மாமாவின் போன் மலையில் கிடைக்கவில்லை. லிசி தன் அம்மா பேட்ரிசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. பிறகு ஸ்கூட்டரை எடுத்தாள். லிசி இரண்டு தொட்டிகளையும் ஒரு பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு உட்கார, மாம்பழச்சாலை பக்கம் ஒரு நர்சரிக்குப் போனார்கள்.

நர்சரியில் கேத்தரின் என்ற அக்கா வெள்ளையை வெளியே எடுத்துப் பார்த்தாள். வேரெல்லாம் பழுப்பாகிக் கொழகொழத்திருந்தது.

“இதைக் குளத்துலயா வச்சிருந்தீங்க?” என்று கேட்டாள்.

அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, புதுக் கரித்துண்டும் மரப்பட்டையும் போட்டு நட்டுக் கொடுத்தாள். இது மரத்தைத் தொற்றிக்கொண்டு வளர்கிற செடி, வேர் காய்ந்து காய்ந்து நனைய வேண்டும் என்றாள். ஐந்து நாளைக்குத் தண்ணீரைக் கண்ணில் காட்டக் கூடாது. அப்புறமும் விரலை விட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் பேசாமல் போய்விட வேண்டும்.

லிசி தொட்டிகளைத் தன் வீட்டு பால்கனியில் வைத்தாள். இனி யாராலும் ஊற்ற முடியாது. ஆனால் காலியாகக் கிடக்கும் ஜன்னல் திட்டைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

மாலையில் வீடு திரும்பிய நஸ்ருல்லா மாமா அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். தன்னை நம்பி விட்டுப்போன செடி திருடு போய்விட்டதே என்று பதறினார். வந்த வேகத்தில் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய், இரண்டு பிளாஸ்டிக் ஆர்கிட் வாங்கிவந்து வைத்தார்.

மறுநாள் காலை அரை இருட்டில் தைரியராஜ் வந்தார். செடி ஒரே நாளில் தெம்பாகி, பூவும் விட்டிருந்தது. சந்தோஷத்தில் கூடுதலாக நான்கு மக் ஊற்றினார். பிளாஸ்டிக் தொட்டியில் ஓட்டை இல்லை. தண்ணீர் வழிந்து நடைவழியெங்கும் ஓடியது.

எட்டரை மணிக்குப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு லிசியும் அம்மாவும் கதவைத் திறந்தார்கள். சுபலட்சுமி அக்கா அரிசி களைந்த தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, அடி எதுவும் இல்லை. கையில் மட்டும் ஒரு ஊதாப் பூ. மேலிருந்து நஸ்ருல்லா மாமாவும் கீழிருந்து தைரியராஜும் ஓடி வந்தார்கள்.

“லிசி, மாமா செடியில பார்கோடு ஒட்டியிருக்கு,” என்றாள் அக்கா.

அதற்குமேல் எதையும் மறைக்க முடியவில்லை. லிசி பால்கனியிலிருந்து இரண்டு தொட்டிகளையும் கொண்டுவந்து வைத்து, நடந்ததைச் சொன்னாள். தன்னை மட்டும்தான் நம்புவதாக மாமா சொன்னார் என்று நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள்.

மாமா வரட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கிறேன் என்றாள் சுபலட்சுமி அக்கா. தைரியராஜ் மட்டும் தன் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் ஊற்றியது நான்தான் என்று முணுமுணுத்தார்.

“செடி இன்னும் சாகல அண்ணே,” என்றாள் லிசி. “நாம எல்லாரும் அது நல்லா இருக்கணும்னுதான ஊத்தினோம்?”

ஆனால் இனி ஊற்றாதீர்கள் என்றால் அவர்கள் சும்மா இருப்பார்களா? வாக்குக் கொடுத்தவர்கள் ஆயிற்றே. லிசி யோசித்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நான்கு பெயரும் எழுதி, ஆளுக்கு ஒரு நாள் முறை போட்டாள். அவரவர் நாளில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் ஒரு தம்ளர். ஈரமாக இருந்தால், கொண்டுவந்த தண்ணீரைக் கேட் பக்கத்து முருங்கைக்கு ஊற்றிவிட வேண்டும். தாளை ஜன்னலுக்கு மேல் சுவரில் ஒட்டினாள்.

முதல் நாலு நாளும் எல்லோர் விரலும் ஈரமாகவே வந்தது. அந்த முருங்கை தன் வாழ்நாளில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. ஐந்தாம் நாள் தைரியராஜ் விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. அவர் எல்லோரையும் கூப்பிட்டு, மூன்று பேர் மேற்பார்வையில், தொட்டிக்கு ஒரு தம்ளர் ஊற்றினார்.

மாமா திரும்பி வந்த அன்று ஊதாவில் இரண்டு பூக்கள் விரிந்திருந்தன. மொட்டில் மூன்று போய்விட்டது. வெள்ளைக்கு இலை குறைந்திருந்தாலும் பச்சையாக ஒரு புது வேர் எட்டிப் பார்த்தது. மாமா பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து பூவையே பார்த்தார். பிறகுதான் சுவரில் இருந்த தாள் கண்ணில் பட்டது. அதை எடுத்துவிட லிசி மறந்திருந்தாள்.

அவர் நான்கு பெயரையும் படித்தார். திரும்பினால் நான்கு பேரும் நின்றார்கள்.

“ஒருத்தர் மறந்தாலும் இன்னொருத்தர் இருப்பாளேன்னு நெனச்சேன்,” என்றார் மெதுவாக. “தப்புதான்.”

சுபலட்சுமி அக்கா பத்து நாளாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள், அவர் முகத்தைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டன.

“நாங்க யாருமே மறக்கல மாமா. அதுதான் பிரச்னையே,” என்றாள்.

முதலில் சிரித்தது மாமிதான். அப்புறம் மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போனவர், ஒரு செம்பு தண்ணீரோடு வந்து நேராகத் தொட்டிப் பக்கம் நடந்தார். நான்கு பேரும் குறுக்கே கையை நீட்டினார்கள்.

“முதல்ல விரலை விட்டுப் பாருங்க மாமா,” என்றாள் லிசி.

மாமா விரலை விட்டுப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அண்ணாந்து, அந்தச் செம்புத் தண்ணீர் முழுவதையும் தானே குடித்துவிட்டார்.