பாதி சீசனில் ஒரு மழை

"ஆரம்பம் என்னமோ பிரமாதம்தான். பாதி சீசன்ல இப்படிச் சொதப்பிருச்சே…"

உஷாராணிக்குச் சுருக்கென்றது.

கொட்டுகிற மழை. ஹைவேயில் ஜாம் என்று ரெம்பியா சாலையில் திரும்பியது முதல் தப்பு. மழைக்கு இந்த டுரியான் பழக்கடையில் ஒதுங்கியது அதைவிடப் பெரிய தப்பு. நேற்றுதான் சிப்பாங் ரேஸில் அவள் கார் ஈரத்தில் வழுக்கி, கிறுகிறுவென்று சுற்றி, மணலில் போய் உட்கார்ந்தது. இந்த வருஷம் முதல் இரண்டு ரேஸும் அவளுக்குத்தான் வெற்றி. மூன்றாவதில் இந்தக் கூத்து! சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்து ஓய்ந்தார்கள். இப்போது டுரியான் கடைக்காரனுமா?

நிமிர்ந்து பார்த்தாள். கையில் கத்தி, தலைமுடியில் மழைச்சாரல்… அந்தக் கண்கள்! அடடா, ஒரு மனுஷனுக்குக் கண்ணில் இத்தனை சிரிப்பு எதற்கு?

"எல்லாம் இந்த மழையாலதான் மிஸ். மொதல்ல நம்பர் ஒன்னா இருந்துச்சு. இப்ப கீழ விழுந்தப்புறம் எவன்லா மதிப்பான்?"

"ஹலோ! நான் ஒண்ணும் விழல!" என்று வெடித்தாள் உஷா. "கார் சுத்துச்சு, அவ்வளவுதான்! மழையில ஓட்டிப் பாருங்க, அப்பத் தெரியும்!"

அவன் திருதிருவென விழித்தான். கையிலிருந்த பழத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"மிஸ்… நான் டுரியான் சீசனைச் சொன்னேன்."

அய்யோ! காது மடல் வரைக்கும் சூடேறியது. கார்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு பறந்தவளுக்கு, ஆயர் குரோவில் இருக்கும் தன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் பிளந்து வைத்த பழத்தை அங்கேயே விட்டுவிட்டாள். காருக்குள் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வாரம் மறுபடியும் ரெம்பியாவுக்குப் போனாள். அந்தப் பழத்துக்காகத்தான் போனாளாம். சரி, நம்புவோம்.

"வாங்க வாங்க! கார் சுத்துச்சுன்னீங்களே, நீங்க யாருன்னு போன்ல தேடிப் பார்த்தேன். வீடியோவும் பார்த்தேன்," என்றான் அவன். பெயர் காந்தன்.

"பார்த்து?"

"சுத்துனது அழகாத்தான் இருந்துச்சு."

"கொழுப்பு!"

அதற்கப்புறம் ரெம்பியா வழி அவளுக்குக் குறுக்கு வழியாகிவிட்டது. எங்கே போனாலும், எங்கிருந்து வந்தாலும்! 'மிஸ்' எப்போது 'உஷா' ஆனது என்று இருவருக்குமே தெரியாது. ஒரு நாள் கடைக்குப் பின்னாலிருந்த தோட்டத்தைக் காட்டினான். மரத்தடியில் வலை கட்டியிருந்தது.

"ஏறிப் பறிச்சுட்டா வேலை சுளுவா முடிஞ்சிரும்ல?"

"ம்ஹூம். பறிச்சா ருசி வராது உஷா. அதுவாப் பழுத்து அதுவா விழணும். நம்ம வேலை காத்துக்கிட்டு இருக்கறதுதான்."

"போர் அடிக்காது?"

"எதுக்குக் காத்திருக்கோம்ங்கறதைப் பொறுத்தது…"

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். ஏன் பார்த்தான்? டுரியானைப் பற்றிப் பேசினால் மரத்தைத்தானே பார்க்க வேண்டும்? அன்று இரண்டு முறை கியர் தப்பாகப் போட்டாள் நம் ரேஸ்காரி.

அடுத்த ரேஸில் இரண்டாவதாக வந்தாள். அதைப் பார்த்து ஜப்பான் டீம் ஒன்று கூப்பிட்டது. அடுத்த சீசன் முழுக்க அங்கே ஓட்ட வேண்டும். அப்பா தங்கராஜு தெருவெல்லாம் சொல்லியாயிற்று. சின்ன வயதிலிருந்து கண்ட கனவு… துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள், நேரே ரெம்பியாவுக்கு ஓடினாள்.

"அடுத்த சீசன் நான் இங்க இல்ல, காந்தன்."

"எந்த சீசன்?"

"ரெண்டும்தான். ஜப்பான்ல கூப்பிடுறாங்க."

கத்தி பாதிப் பழத்தில் நின்றது. ஒரு நிமிஷம்… ஒரே நிமிஷம் அந்தக் கண்களில் சிரிப்பு காணாமல் போனது.

"நல்லதுலா. போயிட்டு வாங்க மிஸ்."

மிஸ்ஸா! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போறேன். கண்டிப்பாப் போறேன்!" என்று கிளம்பியவள், அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் ஜப்பானுக்கு 'சரி' என்று எழுதக் கை வரவில்லை. 'போகாதே' என்று அவன் சொல்லியிருந்தால் நின்றிருப்பாளா? மாட்டாள். ஓட்டாமல் அவளால் இருக்க முடியாது. பிறகு அவன் சொல்லவில்லையே என்று எதற்கு அழுகை வருகிறது? அவன் மனதில் தான் இருக்கிறோமா, இல்லையா? அது தெரியாமல் விமானம் ஏற முடியாது போலிருந்தது. மண்டை காய்ந்தது அவளுக்கு.

டீம் கடைசியாகப் பதில் கேட்ட அன்று மறுபடியும் மழை. அவள் ரெம்பியாவுக்குப் போய்க் கடைக்குள் ஒதுங்கியபோது, காந்தன் முன்பக்கக் கன்வாஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சீசன் முடிஞ்சிருச்சு மிஸ்."

"இன்னொரு வாட்டி மிஸ்ஸுன்னா காரை மேல ஏத்திருவேன்! ஏன் 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

கன்வாஸ் அவன் கையிலிருந்து நழுவியது. நனைந்துகொண்டே நின்றான்.

"சொன்னா… பறிச்ச மாதிரி ஆயிரும், உஷா. ஓட்டுனாத்தான் நீங்க நீங்களா இருப்பீங்க. உங்களைப் புடிச்சுப் போச்சு, ரொம்பவே புடிச்சுப் போச்சு. அதுக்காகக் கையை நீட்ட முடியுமா? எனக்குக் காத்துக்கிட்டு இருக்கத்தான் தெரியும்."

அவன் கண்ணில் இருந்தது மழையா? உஷா பேச்சை மாற்றினாள்.

"ஜப்பான்ல பாதி சீசன்ல கொஞ்ச நாள் ரேஸ் இருக்காது. ஜூலையில லீவு. உங்க மரத்துக்கும் அப்பதானே சீசன்?"

"ஆமா…"

"அப்ப ஜப்பானுக்கு இன்னிக்கே சரின்னு சொல்லிடுறேன். ஜூலையில இங்க இருப்பேன்."

"டுரியான் சாப்பிடவா?" என்றான் அந்த டியூப்லைட், குழப்பத்தோடு.

உஷா ஓரடி முன்னே வந்தாள். மழை அவளையும் நனைத்தது.

"அன்னிக்குக் கோவமா ஒண்ணு சொன்னேனே… நான் ஒண்ணும் விழலன்னு?"

"ம்…"

"அது இனிமே செல்லாது, காந்தன்… விழுந்துட்டேன்."